மிஸ் கார்லியனிடம் கேட்ட அனுமதி

கரைப்பாதையின் கதவுக்குப் பூட்டு விழுந்த நாள் முதல் மெரின் ஹாக்கிங் கடிகாரத்தைப் பார்த்து வாழ்வதை விட்டாள். கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் அட்டவணையைப் பார்த்து வாழத் தொடங்கினாள். படகுச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கிய அந்தச் சிறிய மஞ்சள் புத்தகம், அவளுடைய சமையலறையில் அடுப்புத் துணிக்கு அருகே ஓர் ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு காலையும் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, அன்று நண்பகலில் நீர் எங்கே நிற்கும் என்று அதில் பார்ப்பாள்.

முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பொல்வேரன் துறைமுகத்தில் நண்பகலையொட்டி நீர் வற்றிவிடும். அப்போது பூட்டிய கதவுக்குக் கீழே பாறைகளும் சேறும் பாசியும் வெளிப்படும். ரப்பர் காலணி அணிந்து, கைத்தடியை ஊன்றி, வழுக்கும் இடங்களில் ஓக் மரங்களின் தாழ்ந்த கிளைகளைப் பற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தால் ஊர்ப் படித்துறையை அடையலாம். இடைப்பட்ட நாட்களிலோ அதே கிளைகளின் இலைகளை நீர் நனைத்துக்கொண்டு நிற்கும். அந்த நாட்களில் ஜோரி மதியம் சாப்பிடமாட்டான்.

ஜோரி அவளுடைய கணவன். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகை முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓட்டியவன். இரண்டாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்ததால், ஊரிலுள்ள பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். அங்குள்ள பெண்கள் கரண்டியை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். அது பிடிவாதம் என்றார்கள் இல்லத்தார். அது கூச்சம் என்று மெரினுக்குத் தெரியும். அவள் கையால் ஊட்டினால் உண்பான். உண்டுகொண்டே குறையும் சொல்வான்.

அவர்களுடைய வீடு துறைமுகத்தின் மேற்குக் கரையில், லான்டெக் முனையில் தனியாக நின்றது. கரைப்பாதை வழியே ஊருக்கு இருபத்தைந்து நிமிட நடை. பழைய சுண்ணாம்புக் காளவாயைக் கடந்து, பெரிய வீட்டுச் சரிவின் அடியில் பைன் மரங்களுக்கிடையே வளைந்து, படகிறக்கும் சாய்தளத்தைத் தாண்டினால் தேவாலயக் கோபுரம் தெரியும். சாலை வழியே சென்றால் ஆறு மைல். ஆளுயர உயிர்வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் செல்லக்கூடிய சாலை அது. ஒதுங்கி நிற்க இடமில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே பேருந்து. கண்பார்வை குறைந்தபோது மெரின் தன் ஓட்டுநர் உரிமத்தைத் தானே முன்வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாராவது கேட்கும்வரை காத்திருப்பது அவளுக்கு அநாகரிகமாகத் தோன்றியது.

பெரிய வீடும் சரிவும் மிஸ் கார்லியனுக்குச் சொந்தமாக இருந்தவரை அந்தக் கதவில் தாழ்ப்பாள்கூட இருந்ததில்லை. தொண்ணூற்றொரு வயதில் அவர் இறந்தார், அவருடைய தம்பி மகன் விற்றார், லண்டனிலிருந்து வந்த ஹார்லேண்ட் என்பவர் வாங்கினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல இயலாது. தூரத்தில் பார்த்தாலும் கையசைப்பார். தம் நிலத்தில் யாராவது வழுக்கி விழுந்து தம்மீது வழக்குத் தொடுப்பார்களோ என்று அஞ்சினார், அவ்வளவே. கதவுக்குப் பூட்டும், பூட்டுக்கு மேல் ‘தனியார் நிலம். வழியில்லை’ என்ற பலகையும் வந்தன. அரசு வரைபடத்தில் அந்தப் பாதை குறிக்கப்படாததால், அவரைத் தடுக்க உடனடியாக யாராலும் இயலவில்லை.

போராட்டத்தைத் தொடங்கியவர் டென்சில் பாஸ்கோ. பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஊராட்சி மன்றத்தில் நடைபாதைகளுக்குப் பொறுப்பாளர். தேவாலய மாத இதழின் ஆசிரியராக முப்பது ஆண்டுகளாக இருப்பவர். இருபது ஆண்டுகள் பொதுமக்கள் ஒரு பாதையில் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, எவரிடமும் அனுமதி பெறாமல் நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடும் என்பது சட்டம். அதை நிரூபிக்கச் சாட்சிகள் வேண்டும். டென்சில் படிவங்களை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். மெரினின் படிவத்தை மட்டும் தம் சமையலறையில் உட்காரவைத்து நிரப்பச் செய்தார்.

“இருபத்தாறு வருஷம். தினமும் ரெண்டு நடை. மழைக்கும் லீவு கிடையாது,” என்றார் அவர், கைகளைத் தேய்த்துக்கொண்டு. “உன்னை மாதிரி ஒரு சாட்சி இந்த மாவட்டத்துலயே கிடையாது, கண்ணு. மத்தவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை நாயைக் கூட்டிட்டு நடந்த கோஷ்டி.”

மெரின் பதினான்காம் கேள்வியில் பேனாவை நிறுத்தினாள். பாதையைப் பயன்படுத்த நில உரிமையாளரிடம் எப்போதேனும் அனுமதி கேட்டதுண்டா?

“இதுக்கு என்ன போட?”

“இல்லைன்னு போடு.”

“இல்ல டென்சில், நாங்க குடிவந்த புதுசுல ஒரு தடவை நான் போய்—”

“எனக்குக் காது சரியா கேக்கல.” டென்சில் சட்டென எழுந்து, ஏற்கெனவே நீர் நிறைந்திருந்த கெட்டிலை மீண்டும் குழாயடியில் பிடித்தார். “ஆமான்னு போட்டா நீ நடந்த அத்தனை நடையும் வீண். அனுமதி வாங்கி நடந்தா நீ விருந்தாளி. கேக்காம நடந்தாதான் உரிமை. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“கேக்காம அடுத்தவங்க நிலத்துல காலை வைக்கறது மரியாதையா?”

“மரியாதை தெரியாதவங்களுக்குத்தான் பாதை கிடைக்கும். நான் என்ன பண்ண? சட்டத்தை நானா எழுதினேன்?”

மெரின் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். கீழே, ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற வரிக்கு அடியில் கையெழுத்திட்டாள். அன்று மாலை கைகளை மூன்று முறை கழுவினாள்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், லான்டெக் முனைக்குக் குடிவந்த இரண்டாம் வாரத்தில், அவள் ஒரு குங்குமப்பூ கேக் சுட்டு, தேவாலயத்துக்கு அணியும் தொப்பியை அணிந்து, சரிவேறிப் பெரிய வீட்டுக் கதவைத் தட்டினாள். கரைப்பாதையில் நடக்கலாமா என்று மிஸ் கார்லியனிடம் கேட்டாள். திரும்பி வந்து, “ரொம்ப அன்பா பேசினாங்க, தாராளமா நடங்கன்னாங்க” என்று ஜோரியிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறன்று தேவாலய வாசலிலும் அதையே சொன்னாள். அப்போதும் மாத இதழின் பக்கங்களை நிரப்பச் செய்தி தேடிக்கொண்டிருந்த டென்சில், அதை நான்கு வரி நன்றியறிவிப்பாக அச்சிட்டார்.

மிஸ் கார்லியன் உண்மையில் சொன்னது வேறு. அதை மெரின் எவரிடமும் சொன்னதில்லை, ஜோரியிடமும் சொன்னதில்லை. பாதையில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்த அம்மையார் தம் இரண்டு நாய்களுக்கிடையே நின்று கைத்தடியைச் சற்று உயர்த்துவார். மெரின் தலைதாழ்த்திக் கடந்துவிடுவாள். இப்போது அந்தப் பதிலைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கேட்டதே குற்றம் என்று ஆனபின், பதில் எதுவாக இருந்தால் என்ன?

பாதை பொதுவழியா என்று தீர்மானிக்க அரசு வைத்த விசாரணைக்கு இரண்டு நாட்களுக்கு முன் நீர் ஓரளவு வற்றியது. மெரின் முழங்கால்வரை சேறு படிய நடந்து இல்லத்துக்குப் போனாள். அன்று ஆட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும். ஜோரி மெல்ல உண்டான். அவனுடைய பேச்சு இப்போது சொல் சொல்லாகத்தான் வரும். ஆனால் வரும் சொல் பழைய ஜோரியின் சொல்லாகவே இருக்கும்.

“பொய்க் கையெழுத்து போட்டுட்டேன்,” என்றாள் மெரின்.

“பாங்கியிலயா?”

“படிவத்துல. மிஸ் கார்லியன்கிட்ட நான் அனுமதி கேக்கலைன்னு.”

ஜோரி உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தான். “நீ கேட்டேல்ல... புள்ள.”

“கேட்டேன்.”

“நீ கேக்காம... தும்மக்கூட... மாட்டியே.”

“கிண்டல் பண்ணாத. நாளை மறுநாள் எல்லார் முன்னாடியும் என்னைக் கேள்வி கேக்கப்போறாங்க.”

“கேட்டேன்னு... சொல்லு.”

“சொன்னா கதவு திறக்காது, ஜோரி. நீர் ஏறி நிக்கற நாள்ல உனக்கு யார் ஊட்டுவா?”

“நான்... ஒல்லியாயிக்கறேன்.”

மெரின் சிரிக்கவில்லை. அவனுடைய மணிக்கட்டு ஏற்கெனவே சட்டைக் கைக்குள் தளர்வாக ஆடியதைப் பார்த்திருந்தாள்.

விசாரணை நாளன்று நண்பகலில் நீர் நிறைந்து நிற்கும் என்று அட்டவணை சொன்னது. டென்சில் தம் காரில் வந்து அவளை ஆறு மைல் சுற்றி அழைத்துச் சென்றார். ஊர் மன்றத்தின் தரையில் பூப்பந்தாட்டக் கோடுகள். ஓரத்தில் கொதிநீர்ப் பாத்திரம். அறுபது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. முன்மேசையில் அரசு ஆய்வாளர் திருமதி ஓக்லி அமர்ந்திருந்தார். காலையிலேயே பாதை முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வந்தவர் ஆதலால் அவருடைய காலணிகளில் சேறு காய்ந்திருந்தது. அது மெரினுக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. ஹார்லேண்டின் வழக்கறிஞர் ப்ரெண்டிஸ் மெலிந்த, இனிய குரலுடைய மனிதர்.

மெரின் மூன்றாவது சாட்சி. டென்சிலின் கேள்விகளுக்கு அவள் தெளிவாகப் பதிலளித்தாள். எந்த மாதத்தில் எந்த இடத்தில் நரி கடக்கும், எந்தப் புயலில் எந்தப் பைன் மரம் விழுந்தது, சாய்தளத்தின் மூன்றாம் கல் எப்போது கழன்றது என்றெல்லாம் சொன்னாள். திருமதி ஓக்லி விடாமல் எழுதினார். பிறகு ப்ரெண்டிஸ் எழுந்தார்.

“மிஸஸ் ஹாக்கிங், நீங்க ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. கேக்காம யார் வீட்டுக்குள்ளயும் போக மாட்டீங்களாமே?”

“போக மாட்டேன் சார்.”

“கேக்காம கதவைக்கூட தட்ட மாட்டீங்கன்னாங்க.”

“தட்டினப்புறம்தானே சார் கேக்க முடியும்?”

மன்றத்தில் சிரிப்பெழுந்தது. ப்ரெண்டிஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோப்பிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். அதன் முகப்பில் தேவாலயக் கோபுரத்தின் படத்தைப் பார்த்ததும் டென்சிலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முப்பது ஆண்டு இதழ்களையும் தாமே தைத்து, அட்டை போட்டு, தேதி வரிசையில் மாவட்ட நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் அவர்தான்.

ப்ரெண்டிஸ் வாசித்தார். “‘துறைமுகக் கரைப்பாதையில் நடக்க அன்புடன் அனுமதியளித்த மிஸ் கார்லியன் அவர்களுக்கு லான்டெக் முனை மெரின் ஹாக்கிங் தம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறார்.’ இந்த மெரின் ஹாக்கிங் நீங்கதானே?”

“நான்தான்.”

“அனுமதி கேக்கவே இல்லைன்னு படிவத்துல போட்டிருக்கீங்க.”

மெரின் தன் கைப்பையின் பிடியைப் பார்த்தாள். “அது பொய் சார். கேட்டேன்.”

மன்றத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். டென்சில் கண்களை மூடிக்கொண்டார்.

“கேட்டீங்க,” என்றார் ப்ரெண்டிஸ், வருத்தம் தோய்ந்த குரலில். “கிடைச்சுது. அதனால நன்றி சொன்னீங்க. வேற கேள்வி இல்ல, மேடம்.”

அவர் பாதி அமர்ந்துவிட்டார். மெரின் அப்போது இறங்கிச் சென்றிருக்கலாம். வழக்கு அத்துடன் தோற்றுவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் உண்மை சொல்லத் தொடங்கியபின் பாதியில் நிறுத்துவது, படிவத்தில் போட்ட குறியைவிட மோசமாகப் பட்டது அவளுக்கு.

“கிடைக்கல சார்,” என்றாள்.

ப்ரெண்டிஸ் மீண்டும் எழுந்தார். “என்ன சொன்னீங்க?”

“அனுமதி கிடைக்கல. திட்டுதான் கிடைச்சுது. நன்றி சொன்னது சும்மா. ஊர்ல தலை காட்டணுமே.”

திருமதி ஓக்லி பேனாவை மேசைமேல் வைத்தார். “மிஸ் கார்லியன் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? முடிஞ்சவரைக்கும் அவங்க வார்த்தையிலயே சொல்லுங்க.”

“நல்லா ஞாபகம் இருக்கு மேடம். மறக்கத்தான் முடியல.” மெரின் நிமிர்ந்து நின்று, எதிர்ச்சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி ஒப்பித்தாள். “‘ஏம்மா, உனக்குப் பைத்தியமா? சர்ச்சுக்குப் போற ரோட்டுல நடக்க ராணிகிட்ட போய்க் கேப்பியா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஊர்சனம் நடக்கற வழி அது. குடுக்கறதுக்கு அது என்னுதே இல்ல. என்னுது இல்லாததை எங்கிட்ட கேட்டு என் காலைப்பொழுதைக் கெடுக்காத. அந்தக் கேக்கையும் எடுத்துட்டுப் போ, என் நாய்ங்களுக்கு ஒத்துக்காது.’ அப்படின்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க.”

மெரினின் கழுத்தும் காதுகளும் சிவந்தன. இருபத்தாறு ஆண்டுகள் காத்த மானம் போயிற்று, பாதையும் போயிற்று என்று எண்ணிக்கொண்டு, இறங்குவதற்காக நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

அப்போது நான்காம் வரிசையில் தெர்சா ப்ரே எழுந்தாள். இறைச்சிக் கடைக்காரரின் விதவை. பருத்த உடல், அதைவிடப் பருத்த குரல்.

“அட, உன்னையுமா மெரின்? என் எலுமிச்சை ஜாமைக் கையிலயே திருப்பிக் குடுத்தாங்களே அந்தம்மா! ‘வழியும் என்னுது இல்ல, ஜாமும் எனக்கு வேணாம்’னாங்க!”

“தெர்சா!” என்று வாய்பிளந்தார் டென்சில். “உன்னைக் கூப்பிட்டு டீ குடுத்தாங்கன்னுல்ல சொன்னே?”

“பின்ன, வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினாங்கன்னா சொல்லுவேன்?”

மன்றம் கொந்தளித்தது. திருமதி ஓக்லி மேசையைத் தட்டினார். “ஒவ்வொருத்தரா. பேர் சொல்லிட்டு, முன்னாடி வந்து பேசுங்க.”

மூன்று பேர் வந்தார்கள். தெர்சா முதலில். பின்னர் படகு பழுதுபார்க்கும் நெட் கிட்டோ, தான் நண்டு கொண்டுபோனதாகவும் அது மட்டும் ஏற்கப்பட்டதாகவும் சொன்னார். “நண்டை வாங்கிக்கிட்டு, வழியைப் பத்திக் கேட்டதுக்கு மட்டும் முட்டாள்னாங்க மேடம். நண்டை யாராவது வேணாம்பாங்களா?” பின்னர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பெண்மணி, தம் முறை வந்தபோது அழத் தயாராகி, பாதியில் தாமே சிரித்துவிட்டார். எல்லோருக்கும் கிடைத்த பதில் ஒன்றே: அது என்னுடையது அல்ல.

ப்ரெண்டிஸ் எழுந்து, “இத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல ஞாபகம் வர்றது ஆச்சரியம்தான்” என்றார்.

“இதை நீங்க யாராவது ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டதுண்டா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“இதையெல்லாம் போய் வெளிய சொல்லுவாங்களா மேடம்?” என்றாள் தெர்சா, மனம் புண்பட்டவளாக.

கடைசியாக டென்சில் எழுந்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். கண்காட்சியில் பரிசு பெற்ற தம் பூசணிக்காயை இரு கைகளாலும் சுமந்துகொண்டு சரிவேறியதாகச் சொன்னார். “‘பள்ளிக்கூடத்துல மேப் பாடம் எடுக்கற ஆளுக்கு, ஊர்வழி எது, என் வீட்டு வாசல் எதுன்னு தெரியாதா?’ன்னு கேட்டாங்க.” கழுத்துப்பட்டையை மறுபடி சரிசெய்தார். “பூசணிக்காயை நான் காளவாய் பக்கத்துல போட்டுட்டு வந்தேன். இன்னிக்கும் அங்க கொடி முளைக்குது.”

மெரின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். காது கேட்கவில்லை என்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் ஏன் எழுந்தார் என்பது அவளுக்கு இப்போது விளங்கியது.

திருமதி ஓக்லி எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், மெரினைப் பார்த்துப் பேசினார். “மிஸஸ் ஹாக்கிங், அனுமதி கேக்கறது ஒண்ணு, கிடைக்கறது வேற ஒண்ணு. நிலத்துக்குச் சொந்தக்காரங்களே ‘வழி என்னுது இல்ல, ஊரோடது’ன்னு சொல்லியிருந்தா, அதை எடைபோட வேண்டியது என் வேலை. முடிவை எழுத்துல அனுப்புவேன். ஆனா இந்தப் படிவத்துல பொய்க்குறி இருக்கு. அதையும் நான் குறிச்சுக்கத்தான் வேணும். அடிச்சுட்டு, சரியானதைப் போட்டு, பக்கத்துல கையெழுத்து வைங்க.”

மெரின் மேசைக்குச் சென்று, அறுபது பேர் பார்க்க, தன் பொய்யைக் கோடிட்டு அடித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கையில், “மன்னிக்கணும் மேடம்” என்றாள். ஆய்வாளரும் பழக்கதோஷத்தால், “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு, உடனே அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோல் தாள்களை அடுக்கினார்.

மணி பன்னிரண்டரை. படித்துறையில் நீர் மேல்படிவரை ஏறி நின்றது. மெரின் நேராக இல்லத்துக்குச் சென்று, ஆறத் தொடங்கியிருந்த தட்டை வாங்கிக்கொண்டு ஜோரியின் அருகில் அமர்ந்தாள். நடந்தது அனைத்தையும் ஊட்டியவாறே சொன்னாள். மிஸ் கார்லியன் சொன்னதையும், வாழ்வில் முதல் முறையாக அவனிடம், ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

ஜோரி நீண்ட நேரம் மென்றான்.

“அந்தக் கேக்கை... நான்தானே... தின்னேன்?”

“நீதான். ரெண்டு நாள்ல முழுசையும்.”

“எனக்காக... சுட்டேன்னு... சொன்னே.”

“சொன்னேன்.”

“நாய்க்கு ஒத்துக்காததை... எனக்குக் குடுத்தியா, புள்ள?”

அவனுடைய இடப்பக்க வாய் கோணிச் சிரித்தது. வலப்பக்கத்திலிருந்து பட்டாணி ஒன்று சட்டைமேல் விழுந்தது. மெரினும் சிரித்தாள். பணிப்பெண் கதவருகே வந்து, யாருக்கும் ஒன்றுமில்லையே என்று பார்த்துவிட்டுப் போனாள்.

முடிவு வர நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை மெரின் அட்டவணையை நம்பியே நடந்தாள். ஒரு முறை பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டாள். ஒரு முறை நீர் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏறியதால் காளவாயின் அடியிலிருந்து திரும்பி வரவேண்டியதாயிற்று. ஜோரி மூன்று கிலோ இளைத்தான். பிப்ரவரியில் டென்சில் பன்னிரண்டு பக்கக் கடிதத்துடன் வந்து, தலைப்பிலிருந்து கையெழுத்து வரை உரக்க வாசித்தார். எட்டாம் பக்கத்தில், நில உரிமையாளர் குறைந்தது ஐந்து பேரிடம் வெவ்வேறு காலங்களில் பாதை தம்முடையதன்று என்று கூறியிருப்பது வலுவான சான்று என்று எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், அது பொதுவழி என்று எழுதப்பட்டிருந்தது.

பூட்டு அகற்றப்பட்டதற்கு மறுநாள், அட்டவணையைப் பார்க்காமல், பதினொன்று முப்பதுக்கு மெரின் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். நீர் நிறைந்த நாள். ஓக் கிளைகள் நனைந்துகொண்டிருந்தன. கதவருகே ஹார்லேண்ட் எண்ணெய்க் குப்பியுடன் குனிந்து புதிய கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார். தோற்ற மனிதரின் கடுகடுப்பு அவர் முகத்தில் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாத தவிப்பே இருந்தது.

மெரினின் நாக்கு பழக்கத்தால் மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. “நான் இப்படிப் போகலா—” என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டாள்.

ஹார்லேண்ட் கதவை அகலத் திறந்து பிடித்தார். “வாங்க மிஸஸ் ஹாக்கிங். தாராளமா போங்க.”

“அதை நீங்க சொல்லக்கூடாது சார்.”

அவர் விழித்தார். “ஏங்க?”

“சொன்னா அனுமதி குடுத்த மாதிரி ஆயிடும்.”

ஹார்லேண்ட் குப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “அப்ப என்னதான் சொல்லட்டும்?”

“மழை வருமான்னு கேளுங்க.”

அவர் துறைமுகத்தின் வாயை நோக்கிப் பார்த்தார். “மழை வருமா?”

“சாயங்காலம் வரைக்கும் வராது,” என்று சொல்லிவிட்டு மெரின் கதவைக் கடந்து நடந்தாள். காளவாய், பைன் மரங்கள், சாய்தளம். மூன்றாம் கல்லை யாரும் இன்னும் சரிசெய்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் ஜோரியின் அருகில் அமர்ந்து கரண்டியை எடுத்தபோது, மீனிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் ஒரு வாய் உண்டுவிட்டு, உப்பு போதவில்லை என்றான்.